யோசனைக்கா பஞ்சம்?

நகரங்களைப் பசுமையாக்குவது பற்றி இன்று ஒரே கருத்துதான் கோலோச்சுகிறது. அமைச்சர் மேடையில் பேசினாலும், தொழில் கூட்டமைப்பின் மாநாட்டில் கட்டடக் கலைஞர் பேசினாலும், பள்ளிக் கட்டுரைப் போட்டியில் மாணவர் எழுதினாலும் சாரம் ஒன்றே: நகரத்தின் நெருக்கடி புதியது, ஆகவே புதுமையான யோசனைகள் வேண்டும். அடுக்குமாடிச் சுவரில் தொங்கும் தோட்டம், கால் ஏக்கரில் அடர்காடு, காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, குப்பையை எரித்து மின்சாரம், இவை அனைத்தையும் கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டு அறை. இவை போதிய அளவில் வந்துவிட்டால் நகரம் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியம், அது தீங்கானது. நம் நகரங்களுக்கு யோசனைப் பஞ்சம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. தண்ணீர் நிற்க இடம் இல்லை, மரம் வேர்விட மண் இல்லை, மனிதர் நடக்கப் பாதை இல்லை. இவை மூன்றும் நிலத்தை யாருக்கு விடுவது என்ற முடிவோடு தொடர்புடையவை. அந்த முடிவை எடுக்காமல் தள்ளிப்போடுவதற்கான சாக்காகத்தான் 'புதுமை' என்ற சொல் பயன்பட்டுவருகிறது. சென்னையை உரைகல்லாக வைத்து இதைக் காட்ட முடியும்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். அவர்களிடம் மூன்று வலுவான காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, நிலம் கையைவிட்டுப் போய்விட்டது. ஏரி இருந்த இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அழுவதில் பயனில்லை, இருக்கும் சுவரையும் கூரையையும் வைத்துத்தான் வழி காண வேண்டும். இரண்டாவது, தொழில்நுட்பம் உண்மையாகவே பலன் தந்திருக்கிறது, எல்.இ.டி. விளக்கு தெருவிளக்கின் மின்செலவைக் குறைத்தது, சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தோடு விலையில் போட்டிபோடும் நிலைக்கு வந்துவிட்டது. மூன்றாவது, மனிதரின் பழக்கத்தையும் சொத்துரிமையையும் மாற்றுவதைவிட இயந்திரத்தை மாற்றுவது எளிது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் செய்யக்கூடியது. மூன்றும் எளிதில் ஒதுக்கிவிட முடியாதவை. ஆனால் சென்னையில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பது தெரியும்.

1. நோய் இன்னதென்று பார்க்காமலே மருந்து எழுதுகிறார்கள்.

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலிருந்து கோட்டூர்புரம் வரை வீடுகளுக்குள் புகுந்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் தரைதட்டின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஒரே நகரம் இப்படி மூழ்கவும் காயவும் செய்கிறது என்றால், குறை தண்ணீரின் அளவில் இல்லை. கணக்கு எளிது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை பெய்கிறது. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 60 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 21 டி.எம்.சி. தண்ணீர் நகர எல்லைக்குள்ளேயே வானத்திலிருந்து இறங்குகிறது. மேற்சொன்ன நான்கு ஏரிகளும் முழுக் கொள்ளளவில் நிரம்பினாலே 11 டி.எம்.சி.யைச் சற்றுத்தான் தாண்டும். விழும் மழை முழுவதையும் பிடித்துவிட முடியாது. ஆவியாவது ஆவியாகும், கடலுக்குப் போக வேண்டியது போகத்தான் வேண்டும். ஆனாலும் நான்கு பெரிய ஏரிகளைப் போல இருமடங்குத் தண்ணீரை ஆண்டுதோறும் தலையில் வாங்கும் ஊர், தண்ணீருக்குப் புதுமையான வழி தேடி அலைய வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கே நின்றது என்பதும் ரகசியமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். சரிவு குறைந்த சமவெளி என்பதால் ஓடும் நீரைத் தடுத்துத் தடுத்து நிறுத்தினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்த உபரிநீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் சதுப்பு, பிறகு முகத்துவாரம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒரே காரணத்தால் வரும். 1920களில் மாம்பலம் ஏரி தியாகராய நகரானது. 1970களில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வேளச்சேரி ஏரி சுருங்கிச் சுருங்கிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு குட்டையளவுக்கு வந்து நிற்கிறது. இத்தனையும் அரசின் ஒப்புதலோடு, மனைப்பிரிவு அனுமதியோடு, வகைப்பாடு மாற்றத்தோடு நடந்தவை. எந்தப் புதுமையான யோசனை இல்லாததால் இவை நடந்தன என்று 'புதுமை வேண்டும்' என்பவர்கள் ஒருமுறையாவது விளக்க வேண்டும்.

2. பசுமைத் திட்டங்களே சதுப்பைத் தின்றிருக்கின்றன.

பள்ளிக்கரணையைப் போல இதற்குச் சாட்சி வேறில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த கழுவெளி அது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மீதி எங்கே போனது என்று கேட்டால், பேராசைக்காரத் தரகர்களின் பெயர் மட்டும் பதிலாக வராது. மாநகராட்சியின் பெருங்குடி குப்பைக் கிடங்கு அதில் இருக்கிறது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அங்கேதான் இடம் ஒதுக்கினார்கள். காற்றாலை மின்சாரத்தை வளர்ப்பதற்கென்றே மத்திய அரசு உருவாக்கிய காற்று சக்தி நிறுவனத்துக்கும் அங்கேதான். தகவல் தொழில்நுட்ப வழித்தடத்தை இணைக்கச் சதுப்பின் குறுக்கே போடப்பட்டது துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை. தூய மின்சாரமும் கடல் ஆய்வும் போக்குவரத்தும் ஒவ்வொன்றாக எடுத்தால் நல்ல நோக்கங்கள். எல்லாமாகச் சேர்ந்து, நகரத்தில் இருந்த மிகப் பெரிய வெள்ளத் தாங்கியைத் துண்டு துண்டாக்கின.

பறக்கும் ரயில் இன்னொரு சான்று. கார்களைக் குறைக்கும் பொதுப் போக்குவரத்து என்பதால் அதை எந்தப் பசுமைப் பட்டியலிலும் சேர்க்கலாம். ஆனால் நிலம் கையகப்படுத்தும் சங்கடம் வேண்டாம் என்பதற்காகப் பல கிலோமீட்டருக்கு அதன் தூண்களைப் பக்கிங்ஹாம் கால்வாயின் நடுவிலேயே நட்டார்கள். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால் தெரியும்: தூணைச் சுற்றிச் சகதி படிந்து, அதில் பிளாஸ்டிக் பைகளும் தெர்மாகோல் துண்டுகளும் சிக்கி, கருப்புத் தண்ணீர் இரண்டு ஓரங்களிலும் ஒதுங்கி நகர்கிறது. மழைநீரைச் சுமக்க வேண்டிய கால்வாய், ரயிலைச் சுமக்கும் தூண்களுக்கு இடமாகிவிட்டது. இரண்டும் வேண்டியவைதானே என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்: வேண்டியவைதான், ஆனால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நிற்கக்கூடாது. ஒரு திட்டத்தின் பெயரில் பசுமை இருக்கிறதா என்பது அளவுகோல் ஆகாது. அது எதன் மேல் எழுகிறது என்பதே அளவுகோல்.

3. நிலம் இலவசமாகச் செய்த வேலையை மின்சாரம் கொடுத்துச் செய்விப்பது முன்னேற்றம் அல்ல.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்தான் சென்னையின் மிகப் பெரிய 'புதுமை'. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 10 கோடி, 2024-இல் அதே நெம்மேலியில் இன்னொரு 15 கோடி, அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கான ஆலை. சவ்வூடு முறையில் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் பிரிக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அப்படியானால் பேரூர் ஆலை முழுத் திறனில் ஓடும் ஒவ்வொரு நாளும் 12 லட்சத்திலிருந்து 16 லட்சம் யூனிட் வரை வேண்டும். தமிழ்நாட்டு மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது. வெப்பத்தைக் கூட்டும் எரிபொருளை எரித்து, வெப்பத்தால் வரும் வறட்சியைச் சமாளிக்கிறோம். பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கடும் உப்புநீர் மீண்டும் கடலுக்கே போகிறது. உயிர்போகும் வறட்சியில் இந்த ஆலைகள் கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 21 டி.எம்.சி. மழையை வாங்கும் ஊர், அதைச் சாக்கடையோடு கடலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதே கடலிலிருந்து காசு கொடுத்துத் திரும்ப வாங்குவது ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துவதற்குச் சமம்.

இதற்கு நேர் எதிரான சான்று கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. 12,500 ஹெக்டேர் பரப்பு. 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி அங்கிருக்கும் மீன்வளர்ப்புக் குளங்களுக்குப் போகிறது. ஆழமில்லாத குளத்தில் வெயில் அடித்துப் பாசி வளர்கிறது. பாசி விடும் ஆக்ஸிஜனில் கழிவு சிதைகிறது. பாசியை மீன் தின்கிறது. மீன் நகரத்தின் சந்தைக்கு வருகிறது. மீதி நீர் வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் பாய்கிறது. இந்த முறையை உருவாக்கியவர்கள் அங்குள்ள மீனவர்களும் உழவர்களும். அரசு பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ் 1980களில் அதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதற்குள்ளும் கட்டடங்கள் நுழைய முயன்றன. வழக்குப் போட்டுத்தான் காக்க வேண்டியிருந்தது. நுட்பத்தில் குறைவில்லாத, செலவில் மிகக் குறைவான, உணவும் வேலையும் தரும் ஓர் ஏற்பாட்டுக்குக்கூட ஆபத்து எங்கிருந்து வந்தது? அதன் நிலம் விலைபோகக்கூடியது என்பதிலிருந்து வந்தது. கண்டுபிடிப்பு எவ்வளவு சிறந்ததானாலும் நிலம் காக்கப்படாவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

4. மரக்கன்று நடுவது வேறு, நகரம் பசுமையாவது வேறு.

தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி ஜப்பானில் வகுத்த அடர்காடு முறைக்குச் சென்னையில் இப்போது பெரிய மதிப்பு. 2020-இல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி தொடங்கியது. பின் பல இடங்களுக்குப் பரவியது. குப்பை கொட்டிக்கிடந்த ஒரு மூலையில் மரக்கூட்டம் வருவது நல்லதே. ஆனால் அதன் அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நடுவதால் எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. செய்திக்குறிப்பில் ஆயிரக்கணக்கில் எழுதலாம். நிலமோ சிறு துண்டுதான். அதே ஆண்டுகளில் சாலை விரிவாக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் வீழ்த்தப்படும் மரம், தெருவுக்கே நிழல் தந்த முதிர்ந்த மரம். ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டுவிட்டோம் என்று ஈடு கணக்குக் காட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைவிரிப்பு பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவருக்குத் தரும் குளிர்ச்சியை, ஊருக்கு வெளியே வேலிக்குள் நிற்கும் பத்துக் கன்றுகள் எந்தக் காலத்தில் ஈடுசெய்யும்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விழுந்தவற்றின் அடியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும். பல மரங்களுக்கு ஆழமான வேரே இல்லை. நடைபாதை போட்டவர் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசியிருந்தார். வடிகால் வெட்டியவர் ஒரு பக்க வேரை அறுத்திருந்தார். கேபிள் பதித்தவர் மறுபக்கத்தை. புயலுக்குப் பின் ஊர் முழுவதும் கன்று நடும் விழாக்கள் நடந்தன. வேர் பரவ மண்ணை விடும் நடைபாதை மட்டும் எளிதில் வரவில்லை. இன்றும் பல தெருக்களில் மரத்தைச் சுற்றிப் பேவர் பிளாக் கழுத்தை இறுக்குவது போலப் பதிந்திருக்கிறது. விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணிகள் பட்டைக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. ஒரு மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைக்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரியும், அதைச் சரிபார்க்க ஓர் உதவிப் பொறியாளரும் போதும்.

மாடியில் காடு வளர்க்கும் கட்டடங்களும் இதே வகை. மிலான் நகரில் 2014-இல் முடிந்த இரட்டைக் கோபுரங்களில் சுமார் 800 மரங்கள் நிற்கின்றன. அவற்றைக் கத்தரிக்கக் கயிற்றில் தொங்கும் தோட்டக்காரர்கள் வேண்டும். அங்கே வீடு வாங்கும் வசதி படைத்தவர்கள் மிகச் சிலர். மரங்களையும் மண்ணையும் நூறு மீட்டர் உயரத்தில் தாங்கக் கூடுதல் கான்கிரீட் வேண்டும். அதே 800 மரங்களைத் தரையில் நட்டால் நான்கைந்து கிலோமீட்டர் சாலைக்கு இருபுறமும் நிழல் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவரும் தள்ளுவண்டிக்காரரும் அதில் ஒதுங்குவார்கள். சீனாவின் செங்டுவில் இதே பாணியில் எழுந்த அடுக்குமாடிகளில் செடிகள் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, கொசு பெருகியது; 2020-இல் குடிவந்திருந்தவர்கள் மிகச் சிலரே. புகைப்படத்துக்கு அழகான பசுமை, வாழ்வதற்குப் பயன்படும் பசுமையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

5. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட யோசனைகளின் கதி என்ன?

ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று மாநிலம் முழுமைக்கும் 2003-இல் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. நாட்டுக்கே முன்னோடி. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததும் உண்மை. இன்று அந்தக் குழிகளைத் திறந்து பார்த்தால், மொட்டைமாடிக் குழாய் எங்கோ உடைந்து தெருவில் கொட்டுகிறது. கூழாங்கல்லும் மணலும் இறுகிக் களியாகிவிட்டன. பல இடங்களில் மூடியின் மேலேயே வாகன நிறுத்தத்துக்கு டைல்ஸ் பதித்துவிட்டார்கள். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை என்று 2014-இல் சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்தது. சாலைப் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு அதற்கே என்று எழுதியும் வைத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தபோது அது சாத்தியம் என்பதும் நிரூபணமானது. ஆனால் பெரும்பாலான தெருக்களில் நடைபாதை இன்னும் மின்பெட்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் சொந்தம். குப்பையை வீட்டிலேயே தரம்பிரிக்க வேண்டும் என்ற விதி 2000-த்திலேயே வந்தது, 2016-இல் கடுமையாக்கப்பட்டது. சென்னையில் நாளுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேரும் குப்பையில் பெரும்பகுதி இன்னும் கலந்தே கிடங்குக்குப் போகிறது.

இவை மூன்றும் ஒரு காலத்தில் புதுமைகள்தான். ரிப்பன் வெட்டிய நாளில் எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்கும்போது அடுத்த புதுமை வந்து நின்றது. டெல்லி கன்னாட் பிளேஸில் சுமார் 20 கோடி ரூபாயில் 2021-இல் நிறுவிய காற்றுச் சுத்திகரிப்புக் கோபுரத்தை நினைவுகூர வேண்டும். இரண்டே ஆண்டில் அது ஓடாமல் கிடந்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஓடவைக்க வேண்டியிருந்தது. ஓடியபோதும் அதைச் சுற்றியிருந்த சிறு வட்டத்தைத் தாண்டிப் பெரும் பலன் இல்லை. திறந்தவெளிக் காற்றை வடிகட்டிச் சுத்தம் செய்ய முடியாது என்பது அறிவியலாளர்கள் ஆரம்பத்திலேயே சொன்னது. புகை கிளம்பும் இடத்தில் தடுப்பது கசப்பானது, கோபுரம் எழுப்புவது கண்ணுக்குத் தெரிவது. ஆகவே கோபுரம் வந்தது.

6. யாருடைய வசதிக்காக, யாருடைய செலவில்?

கூவம், அடையாறு கரைகளைச் சீரமைப்பது என்றதும் முதலில் அகற்றப்பட்டவர்கள் கரையோரக் குடிசைவாசிகள். அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இவை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவை. அதைவிடக் கொடுமை, பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் வந்துசேரும் தாழ்வான பகுதியில் இருப்பவை. ஆற்றோரம் வெள்ளம் வரும் என்று சொல்லி அகற்றப்பட்டவர்கள் அங்கேயும் ஒவ்வொரு பெருமழைக்கும் வெள்ளத்தில் நிற்கிறார்கள். அதே ஆறுகளின் கரைகளில் நிற்கும் பெரிய கட்டடங்கள் அப்படியே நின்றன. வடக்கே கொடுங்கையூரில், பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்தவர்களின் வாசலிலேயே எரிஉலை வைப்பதற்கு 'குப்பையிலிருந்து மின்சாரம்' என்று பசுமைப் பெயர் கொடுக்கப்பட்டது. அந்த மக்கள் 2025-இல் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து எதிர்த்தார்கள். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவு. அதை எரிக்க முதலில் காய வைக்க வேண்டும். உரமாக்கினால் எரிக்கவே வேண்டியதில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்திருக்கும் அனல்மின் சாம்பலும் இந்தக் கணக்கில் சேரும். தென்சென்னையில் புகைவிடாமல் ஓடும் மின்சாரக் காருக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. அழுக்கை இடம் மாற்றுவதைப் பசுமை என்று அழைக்க முடியாது.

இனி எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கு வருவோம். போன நிலம் திரும்பாது என்கிறார்கள். சோல் நகரம் 2003-இல் தன் நடுவே ஓடிய மேம்பாலச் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005-இல் அதன் கீழ் புதைந்திருந்த சொங்கெசொன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்கு வெளியே கொண்டுவந்தது. அந்த ஓடையில் இன்றும் தண்ணீரை இறைத்துத்தான் விட வேண்டியிருக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. இழந்ததை மீட்பது எவ்வளவு செலவு பிடிக்கும், இருப்பதைக் காப்பது எவ்வளவு மலிவு என்பதற்கு அதுவே பாடம். சென்னையிலேயே அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில், குப்பையும் இடிபாடும் கொட்டிக்கிடந்த இடம் தொல்காப்பியப் பூங்காவாக 2011-இல் மீண்டது. அலைநீர் வந்துபோகிறது, பறவைகள் வருகின்றன. அதைவிடப் பெரிய பதில் எதிர்காலத்தில் இருக்கிறது. சென்னைப் பெருநகர எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்தப் புதிய பரப்பில் இன்னும் நீர் நிற்கும் ஏரிகளும், நெல் விளையும் ஆயக்கட்டும், மண் கால்வாய்களும் இருக்கின்றன. அங்கே நிலம் போகவில்லை. போகப்போகிறதா என்பதை இப்போது எடுக்கும் முடிவுகள் தீர்மானிக்கும்.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், முழுமையாக. பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். அதாவது ஆற்றுக்கு அகலமும் நிலமும் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு வெகுமுன்பே, 1975-இல் நகர மையத்துக்குள் நுழையும் காருக்குக் கட்டணம் விதித்தார்கள்; 1990 முதல் கார் வாங்கும் உரிமையையே ஏலத்தில் விட்டார்கள். நாம் படமெடுத்துக்கொண்டு வருவது அங்குள்ள பூங்காவில் நிற்கும் செயற்கை இரும்பு மரங்களை. விட்டுவிட்டு வருவது இந்த முடிவுகளை. சென்னைப் பெருநகரில் 2011-லேயே 86 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மாநகரப் பேருந்துகள் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம்தான். 2021-இல் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, லட்சக்கணக்கான பெண்கள் பேருந்தைத் தேடி வந்தார்கள். எந்தச் செயலியும் உணரியும் கொண்டுவராத மாற்றம் அது. பேருந்துகளை இருமடங்காக்கி, அவற்றுக்கெனச் சாலையில் ஒரு தடத்தை ஒதுக்குவது காரிடமிருந்து நிலத்தை வாங்கிக் கொடுப்பது. அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் தயக்கம் வருகிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்பது கடைசிக் கேள்வி. நயமாகத் தோன்றுவதும் அதுதான். சேர்த்துச் செய்தால் மறுப்பே இல்லை. மின்சாரப் பேருந்து வரட்டும், கூரையில் சூரியத் தகடு வரட்டும், ஏரி நீர்மட்டத்தைச் சொல்லும் கருவியும் வரட்டும். ஆனால் நடைமுறையில் ஒன்று மற்றொன்றுக்கு அனுமதிச் சீட்டாகிறது. அடர்காடு இருப்பதால் மரம் வெட்டலாம், கடல்நீர் ஆலை இருப்பதால் ஏரியைப் பட்டா போடலாம், எரிஉலை வருவதால் தரம்பிரிக்க வேண்டாம். ஆலப்புழை எதிர்வழியைக் காட்டியது. குப்பைக் கிடங்கு இருந்த சர்வோதயபுரம் மக்கள் 2012-இல் லாரிகளை மறித்தபோது, அந்த நகராட்சிக்கு வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு உரத்தொட்டியும் சமையல்வாயுக் கலமும் வந்தன. ஐந்தே ஆண்டில், 2017-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. கழிவைத் தள்ளிவிட இன்னோர் ஊர் இல்லை என்றானதும் தீர்வு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. தப்பிக்கும் வழியை அடைப்பதுதான் நகரத்தைத் திருத்தும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை, பழையவை, கடினமானவை. விரிந்த பெருநகர எல்லையிலுள்ள ஒவ்வோர் ஏரியும், வரத்துக்காலும், உபரிநீர்ப் போக்கும் சர்வே எண்ணோடு அளந்து, கல் நட்டு, அடுத்த முழுமைத் திட்டத்தில் மாற்ற முடியாத வகைப்பாட்டில் ஏற வேண்டும். அரசு அலுவலகத்துக்கும் விதிவிலக்கு இருக்கக்கூடாது. பள்ளிக்கரணையின் ராம்சர் எல்லைக்கு வெளியே நீர் வந்துசேரும் பகுதியிலும் கட்டுமானத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை முதலிலேயே ஒதுக்காவிட்டால் அடிக்கல் நாட்டக்கூடாது. குப்பை பிரியாத வார்டில் எரிஉலை பற்றிப் பேச்சே எழக்கூடாது. நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் என்று 2014-இல் தானே எழுதிய 60 விழுக்காட்டை மாநகராட்சி ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் அடுத்த முறை பசுமைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? அங்கிருந்து யார் வெளியேற்றப்படுகிறார்கள்? ஐந்தாம் ஆண்டில் அதைப் பராமரிப்பது யார், எந்தத் தலைப்பில் பணம்? விடை கிடைக்காவிட்டால் மாநகராட்சி மன்றத்தில் கேட்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரை நச்சரியுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஏரியை ஏரியாக விட்டுவைக்கும் அரசாணை ஒன்று, நூறு புதுமைகளைவிட இந்த நகரத்துக்கு அதிகம் செய்யும்.